விருந்தாளி விளையாட்டு

எங்கள் பள்ளியில் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விருந்தாளி விளையாட்டு. பள்ளி என்றால் பெரிய பள்ளி இல்லை. டவுனில் கணபதி என்கிற இடத்தில், ஒரு லேத்துப் பட்டறைக்கு மேலே, மாடி வீட்டில், மூன்று வயது நான்கு வயதுப் பிள்ளைகள் இருபது பேரை வைத்து நடத்துகிறார்கள். நான் அங்கே ஆயா. கூட்டுவதும் கழுவுவதும் மூக்குச் சிந்திவிடுவதும் என் வேலை. சொல்லிக்கொடுப்பது மிஸ்ஸின் வேலை. மிஸ் சின்னப் பெண். பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்தைத் திணிக்கக் கூடாது, எல்லாம் விளையாட்டிலேயே வந்துவிட வேண்டும் என்று படித்துவிட்டு வந்திருக்கிறது. அதற்காக மணி கோக்கிற விளையாட்டு, கடை வைக்கிற விளையாட்டு, நிறம் தேடுகிற விளையாட்டு என்று கிழமைக்கு ஒன்று வைத்திருக்கிறது. கீழே இரும்பு கடைகிற சத்தம், மேலே பிள்ளைகள் எண்ணுகிற சத்தம். எனக்கு அந்த வேலை பிடிக்கும்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மட்டும் எனக்குக் குளியலறை கழுவுகிற வேலை வந்துவிடும். காலையில் கழுவியிருந்தாலும் மறுபடி கழுவுவேன். மிஸ் இதைக் கவனித்ததோ என்னவோ தெரியாது. ஒரு நாள் பிள்ளைகள் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது என்று என்னைக் கூப்பிட்டுப் பாயில் உட்காரவைத்துவிட்டது. நீங்கதான் இன்னிக்கு கெஸ்ட்டு, சும்மா உட்காருங்க ஆயாம்மா, மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும் என்றது.

ஒரு பெண்பிள்ளை பிளாஸ்டிக் கப்பில் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு வந்தது. கொடுத்தது. "உங்க பேர் என்னங்க?" என்று கேட்டது. நான் கப்பில் இருந்த தண்ணீரையே பார்த்தேன். அது இரண்டாம் தடவையும் கேட்டுப் பார்த்தது. பிறகு திரும்பி, "மிஸ், இந்த ஆயாவுக்குப் பேர் தெரியல" என்றது. எல்லாப் பிள்ளைகளும் சிரித்தன. நானும் சிரித்தேன். கப்பைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டேன்.

அந்த விளையாட்டு எனக்குப் புதிது இல்லை. ஐந்து வயதில் அதை நான் மற்ற எல்லாரையும்விட நன்றாக விளையாடினேன்.

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையத்துக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் கரையில். ஊருக்கு மேற்கே தள்ளி எங்கள் வளவு. நாற்பது குடிசை இருக்கும். எல்லாரும் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். ஊருக்கும் வளவுக்கும் நடுவில், வெல்லம் காய்ச்சப் போட்டுப் பிறகு சும்மா கிடந்த ஓட்டுக் கொட்டகை ஒன்றில், சாலை என்போம், பாலவாடி தொடங்கினார்கள். அதற்கு ஒரு டீச்சரம்மா சத்தியமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். கஞ்சி போட்ட சேலையும் கறுப்புக் குடையுமாக அவர் வரப்பில் நடந்து வருவதை எங்கள் வளவில் வேலைபோல் நின்று பார்ப்பார்கள்.

டீச்சரம்மாவுக்கு ஒரே கவலைதான். வளவுப் பிள்ளைகள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனால் கடைசி வரிசையில் போய் ஒடுங்கிவிடுகின்றன, பேர் கேட்டால் கால் கட்டைவிரலைப் பார்க்கின்றன, அப்புறம் படிப்பு எங்கிருந்து ஏறும் என்பார். பலகையை எடுப்பதற்கு முன்னால் வாயைத் திறக்கவைக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். அதற்குத்தான் விருந்தாளி விளையாட்டு.

ஒரு பிள்ளை வீட்டுக்காரி, ஒரு பிள்ளை விருந்தாளி. விருந்தாளி வாசலில் தலை காட்டியதும் வீட்டுக்காரி எழுந்து வாங்க, உக்காருங்க என்று சொல்ல வேண்டும். சொகமுங்களா, உங்க ஊர்ல மழைங்களா என்று விசாரிக்க வேண்டும். தண்ணீர் என்று விருந்தாளி வாயைத் திறந்து கேட்பதற்கு முன்னால் அலுமினிய டம்ளரில் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். பேர் கேட்டால் நேராக நின்று தன் பேர், அப்பன் பேர், குடியிருக்கிற இடம் மூன்றையும் கணீரென்று சொல்ல வேண்டும். விருந்தாளி வயிறு நெறஞ்சுது என்று சொல்லிவிட்டால் வீட்டுக்காரி ஜெயித்தாள். உடனே ஓடிப்போய், விருந்தாளி இத்தனை பேர், டம்ளர் இத்தனை என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி டீச்சரம்மாவிடம் கணக்குச் சொல்ல வேண்டும். அப்படித்தான் நாங்கள் எண்ணக் கற்றோம். பத்து வரைக்கும் வந்திருந்தது.

நான் தினமும் ஜெயித்தேன். அப்போது எனக்கு வாய் அதிகம். வாய்க்கால் மதகைத் திறந்துவிட்ட மாதிரி பேசுகிறாள் என்று அம்மா சொல்லுவாள். சாயங்காலம் வளவில் பெண்கள் என்னைப் பிடித்துவைத்துக்கொண்டு வம்புக்கு இழுப்பார்கள்.

"ஏனுங் அம்மணி, எங்கூட்டுக்கு விருந்துக்கு வாரீங்களா?"

"வாரேனுங்க. மொதல்ல உக்கார எடம் போடுங்க."

அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அம்மா சிரிக்க மாட்டாள். ஆனால் அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். அது சிரிப்பை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சித்திரையில் டீச்சரம்மா பால்பவுடர் மூட்டை வாங்க ஆபீசுக்குப் போகவேண்டியிருந்ததால் பாலவாடி ஒரு நாள் லீவு. என்னை விட்டுப்போக ஆளில்லை. அம்மா தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். அப்பன் அங்கே வருஷக் கூலிக்குப் பண்ணையத்தில் இருந்தான், அம்மா கூப்பிட்ட நாளுக்குப் போவாள். அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் விடவில்லை. கிணறு இருந்த அந்த ஒரு தோட்டத்தில்தான் வேலை இருந்தது. அங்கே இருந்து போகச் சொன்னால் எங்களுக்கு அடுப்பு எரியாது. இதை அம்மா வழியெல்லாம் வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். எதையும் தொடாதே. கல்லைத் தாண்டாதே. யாராவது கேட்டால் ஒழிய வாயைத் திறக்காதே. தாகமெடுத்தால் அம்மாவிடம் வா.

கல் என்றது தோட்டத்துக்காரர் வீட்டுக்கு முன்னால் நட்டிருந்த ஒரு துணி துவைக்கிற கல். எங்கள் ஆட்கள் அதற்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். தாகமென்றால் யாராவது வந்து உயரத்திலிருந்து ஊற்றுவார்கள், கையைக் குவித்துக் குடிக்க வேண்டும். வாசல்படி ஓரம் மணல் கொட்டி அதன்மேல் ஒரு மண்பானை, பானை மூடிமேல் ஒரு பித்தளை டம்ளர் கவிழ்ந்திருக்கும். அது வீட்டு ஆட்களுக்கும் அவர்கள் சொந்தக்காரர்களுக்கும்.

பெண்கள் எல்லாரும் வீட்டுக்குப் பின்னால் களத்தில் உட்கார்ந்து கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தோட்டத்துக்காரர் மனைவி, நாங்கள் பண்ணாடிச்சி என்போம், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னை முன்பக்கம் வேப்பமர நிழலில் உட்காரவைத்து, காயப்போட்ட கம்பைக் கோழி கொத்தாமல் பார்க்கச் சொன்னார்கள்.

மரத்துக்கு எதிரே மாட்டுக் கட்டுத்தரையை ஒட்டி ஒரு சாய்ப்பு. அதில் ஒரு கட்டில். கட்டிலில் பெரிய பண்ணாடி. தோட்டத்துக்காரரின் அப்பா. அந்தத் தோட்டத்தில் மூன்று கிணறு வெட்டினவர். வெட்டினது எங்கள் ஆட்கள், வெட்டச் சொன்னது அவர். இப்போது கண் சுத்தமாகப் போய்விட்டது. படுக்கையை நனைத்துவிடுகிறார் என்று வீட்டுக்குள்ளிருந்து இங்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நனைக்கக் கூடாதென்று தண்ணீரையும் குறைத்துவிட்டார்கள். காலையில் ஒரு டம்ளர், பொழுது சாய ஒரு டம்ளர். இதெல்லாம் பிற்பாடு எங்கள் வளவில் பேசிக்கொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, கட்டிலில் ஒருவர் இருக்கிறார், அவர் என் பக்கம் முகத்தைத் திருப்புகிறார் என்பது மட்டும்தான்.

"ஆருங்க அது? சித்த தண்ணி குடுத்துட்டுப் போங்க."

கண் போன பிறகு அவர் எல்லாரையும் ங்க போட்டுத்தான் பேசினார். காலடிச் சத்தத்தை வைத்து வருவது சம்பந்தியா, சாணி அள்ளுகிறவனா என்று சொல்ல முடியாதே. கண்ணிருந்த காலத்தில் எங்கள் அப்பனை அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை.

எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. கேட்பதற்கு முன்னால் கொடுத்திருக்க வேண்டும். ஆட்டத்தில் ஒரு படி இறங்கிவிட்டேன். அதனால் அவசரமாக எழுந்து, "வாங்க, உக்காருங்க" என்றேன்.

படுத்திருந்தவர் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். அவருக்கும் விளையாட்டுத் தெரிந்திருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம்.

"சொகமுங்களா? உங்க ஊர்ல மழைங்களா?"

"மழ எங்கீங்க" என்றார். உதடு ஒட்டிப் பிரிந்தது. "வானம் பொய்ச்சுப் போச்சுங்களே."

அதற்கப்புறம் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும். தண்ணீர். அம்மா சொன்னது மறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அம்மா சொன்னது தோட்டத்துக்கு, இது விளையாட்டு. கல்லைத் தாண்டிப் போய் டம்ளரை எடுத்தேன், பானையில் முக்கினேன், இரண்டு கையாலும் பிடித்துச் சிந்தாமல் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஒரே மூச்சாகக் குடித்தார். தொண்டை எலும்பு ஏறி இறங்கியது. தாடையிலும் நெஞ்சிலும் வழிந்ததைக் கையால் வழித்து நக்கினார். மூச்சு வந்ததும் கேட்டார்.

"நல்லா இருங்க. ஆரூட்டுப் புள்ளைங்க?"

நான் நேராக நின்றேன். கையைக் கட்டிக்கொண்டேன். என் பேரைச் சொன்னேன். என் அப்பன் பேரைச் சொன்னேன். மேக்கு வளவுங்க என்றேன்.

டம்ளர் அவர் கையில்தான் இருந்தது. அதன் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். களத்தில் பெண்கள் எதற்கோ சிரித்தார்கள். அந்தப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு டம்ளரை என் பக்கம் நீட்டினார்.

"இன்னொன்னு கொண்டாங்க கண்ணு. சத்தமில்லாம, வெரசா."

நுனிக்காலில் போய்க் கொண்டுவந்தேன். அதையும் குடித்தார். மூன்றாவதும் கேட்டார், கொடுத்தேன். அதை மெதுவாகக் குடித்துவிட்டு, டம்ளரைக் கொடுத்து, என் தலையைத் தேடித் தடவிக் கையை வைத்தார்.

"வயிறு நெறஞ்சுதுங்க" என்றார்.

எங்கள் பக்கம் விருந்துக்கு வந்தவர்கள் சொல்வதுதான் அது. எனக்கு வேறு மாதிரி கேட்டது. நிஜமான விருந்தாளி, நிஜமான பித்தளை டம்ளர், நான் ஜெயித்துவிட்டேன். டம்ளரைக் கவிழ்த்துவைத்துவிட்டுக் கணக்குச் சொல்ல ஓடினேன். டீச்சரம்மா இல்லாததால் களத்துக்கு ஓடினேன்.

"அம்மா, விருந்தாளி ஒருத்தரு, டம்ளரு மூணு. பெரிய பண்ணாடிக்கு வயிறு நெறஞ்சுது."

எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். ஆய்ந்துகொண்டிருந்த கைகள் நின்றன. அம்மா மடியில் இருந்த கடலைச்செடி அப்படியே கீழே சரிந்தது.

பண்ணாடிச்சி கோபப்படவில்லை. கிட்டே வந்து குனிந்து, எதில் ஊற்றினாய் கண்ணு என்று மெல்லக் கேட்டார். டம்ளரில் என்றேன். டம்ளர் எங்கே இருந்தது? பானைமேல். தண்ணீரை யார் எடுத்தார்கள்? நான்தான். எத்தனை? மூன்று விரலைக் காட்டினேன். ஒன்று விட்டு ஒன்று, அவசரப்படுத்தாமல், டீச்சரம்மா கேட்கிற மாதிரியே கேட்டார். ஒரு கேள்விகூட நான் தவறவிடவில்லை.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. பண்ணாடிச்சி பானையைத் தொடாமல் கழியால் உருட்டிவிட்டார். அது வாசல்படியில் உடைந்து, தண்ணீர் மணலில் ஓடி, என் காலடி வரைக்கும் வந்தது. டம்ளரை அம்மாவையே எடுத்துப்போகச் சொன்னார்கள். தோட்டத்துக்காரர், நாங்கள் சின்னப் பண்ணாடி என்போம், ஏற்றம் பக்கத்திலிருந்து மாட்டுச் சாட்டையோடு வந்தார். வேலையாட்கள் எல்லாரும் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். அவர் முதலில் தன் அப்பாவைக் கேட்டார். கொடுத்தது யார் என்று தெரிந்துதான் குடித்தீர்களா என்று கேட்டார். கேட்ட விதத்தில் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது.

பெரிய பண்ணாடி கட்டுத்தரைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்கென்னடா தெரியும்? கண்ணு அவிஞ்சவன். எவளோ குடுத்தா, குடிச்சுப்போட்டேன்."

பாவம், மறந்துவிட்டார் என்று நினைத்தேன். விருந்தாளி மறந்துவிட்டால் வீட்டுக்காரி எடுத்துக் கொடுக்கலாம். டீச்சரம்மா அதற்குத் தடை சொன்னதில்லை. "நான் பேரு சொன்..." என்று தொடங்கினேன். அவ்வளவுதான் வெளியே வந்தது. அம்மாவின் கை என் வாயை அடைத்துவிட்டது. கை முழுக்கக் கடலைக்காய் மண். நகம் என் உதட்டைக் கிழித்தது. நான் திமிறத் திமிற அவள் இறுக்கினாள், மூச்சு முட்டுகிற அளவுக்கு. அந்தக் கையை எடுக்காமலே சாட்டை அடியை வாங்கினாள். மூன்று அடி. டம்ளருக்கு ஒன்று என்று யாரும் சொல்லவில்லை. நானாக எண்ணிக்கொண்டேன்.

அம்மா ஏன் வாயைப் பொத்தினாள் என்பது எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை. அடிக்குப் பயந்து என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கே கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு, ஒரு நாள் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, என் பேரைக் கேட்ட பிறகுதான் அவர் இரண்டாவது டம்ளர் கேட்டார் என்பது உறைத்தது. பேரைக் கேட்ட பிறகும் ங்க போட்டுத்தான் கேட்டார். தெரிந்து குடித்தார் என்று அந்த முற்றத்தில் ஒரு வார்த்தை வெளியே வந்திருந்தால் அந்தக் குடும்பத்தின் மானம் போயிருக்கும், போன மானத்துக்கு மூன்று அடி போதாது. அம்மா அதை ஒரு கணத்தில் கண்டுகொண்டாள். என்னிடம் அவள் கடைசிவரை அதைப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் அப்பன் போய்த் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்று, காலில் விழுந்து, பண்ணையத்தைக் காப்பாற்றிக்கொண்டு வந்தான். இனிமேல் அம்மா தோட்டத்துக்குள் வரக் கூடாது, என்னைக் கண்ணிலேயே காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குப் புளியும் சாம்பலும் போட்டு அந்தப் பித்தளை டம்ளரை அம்மா எங்கள் வாசலில் தேய்த்தாள். நாங்கள் அதில் குடித்ததில்லை. அவள் அதை எங்கே போட்டாள் என்றும் தெரியாது.

பாலவாடி நடந்த சாலை தோட்டத்துக்காரரின் பங்காளியுடையது. மறுநாள் அதற்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. டீச்சரம்மா பால்பவுடர் மூட்டையோடு வந்து பூட்டைப் பார்த்துவிட்டு, விசாரித்துக்கொண்டு எங்கள் குடிசைக்கு வந்தார். உச்சி வெயில். குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றார். அம்மா முதுகில் மஞ்சளை அரைத்துப் பூசியிருந்தாள். டீச்சரம்மா அதைப் பார்த்தார். தன்னால்தான் என்பதுபோலக் கையை நெஞ்சில் வைத்தார்.

"வெளையாட்டு நல்லாத்தானுங்க சொல்லிக் குடுத்தீங்க" என்றாள் அம்மா. குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. "எந்தூட்ல வெளையாடக் கூடாதுன்னு சொல்லாம உட்டுப்போட்டீங்க."

அவ்வளவு வெயிலில் நடந்து வந்தவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று அம்மா கேட்கவில்லை. நான் கதவோரம் நின்றிருந்தேன். பக்கத்திலேயே எங்கள் பானை. நானும் கேட்கவில்லை. அவர் என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொன்னார்கள். எங்கள் வளவுப் பிள்ளைகளுக்கு அதற்கப்புறம் பாலவாடி இல்லை. நான் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய் ஐந்து வகுப்புப் படித்தேன், கடைசி வரிசையில். பேர் கேட்டால் கால் கட்டைவிரலைப் பார்த்தேன்.

வைகாசி முடிவதற்குள் பெரிய பண்ணாடி போய்விட்டார். அப்பன்தான் அவர்கள் சொந்தக்காரர் ஊர்களுக்கெல்லாம் நடந்து போய்ச் சாவுச் செய்தி சொல்லிவந்தான். வேலைக்கு வரக் கூடாது என்றார்களே தவிர, சாவுக்கு வளவு முழுக்க வந்து நிற்க வேண்டும். அதற்கு விலக்கு இல்லை. அம்மா என்னைச் சேலைத் தலைப்பில் மறைத்தபடி தென்னை வரிசைக்கு அப்பால், தூரத்தில் கூட்டிப்போய் நிறுத்தினாள். சாவு என்றால் எனக்கு அழுகைச் சத்தமும் பறைச் சத்தமும்தான். அதற்குமேல் தெரியாது.

முற்றத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு அவரைத் தூக்கிவந்து உட்காரவைத்தார்கள். இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்ள, அவர் நேராக உட்கார்ந்தார். உக்காருங்க என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு கிணற்றிலிருந்து தண்ணீர் வந்தது. அவர் வெட்டிய கிணறு. பித்தளைக் குடம், செப்புக் குடம், தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று. பண்ணாடிச்சி அழுதுகொண்டே முதல் குடத்தை அவர் தலையில் ஊற்றினார். மகன் ஊற்றினார். சம்பந்திகள், பங்காளிகள், பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள், எல்லாரும் வரிசையில் நின்று ஊற்றினார்கள். தண்ணீர் அவர் முகத்தில், திறந்த வாயில், நெஞ்சில் இறங்கி முற்றமெல்லாம் ஓடியது.

அந்த வீட்டுக்காரர்களும் விளையாட்டைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஒருவருக்கும் அடி விழவில்லை. நான் எண்ணினேன். பத்து வரைக்கும்தான் தெரியும் என்பதால் பத்து முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். அதுவும் முடிந்து, இன்னொரு முறையும் தொடங்கினேன். கடைசிக் குடமும் காலியானது. துணியால் அவரைத் துடைக்க ஆரம்பித்தார்கள்.

போகலாம் என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை. அவர் இன்னும் வயிறு நிறைந்தது என்று சொல்லவில்லை.